ரைட் லேன்ல ஏன் எல்லாரும் உருட்டிட்டே போறாங்க?

இந்த எபிசோடுக்குக் காரணம் நீங்க அனுப்பின வாய்ஸ் நோட்டுகள்தான். மாதவரம், செங்குன்றம், பொன்னேரி பக்கத்திலிருந்து தினமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போறவங்க நிறைய பேர் நம்ம ஷோவைக் கேக்குறீங்க. கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தீங்க: "ப்ரோ, ரைட் லேன்ல லாரி அம்பதுல உருட்டிட்டுப் போகுது. ஹார்ன் அடிச்சாலும் வழி விடல, லைட் அடிச்சாலும் வழி விடல. நம்ம ஊர்ல லேன் டிசிப்ளினே கிடையாது."

புகார் நியாயமானதுதான். ஆனா லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்கிற நமக்கு அதுல பாதிதான் தெரியுது. மீதிப் பாதி லெஃப்ட் லேன்ல இருக்கு. இன்னைக்கு ரெண்டையும் சேர்த்துப் பேசுவோம்.

இது என்ன மாதிரி ரோடு?

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலை 16. பழைய பெயர் என்.எச். 5. செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம், தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அதைத் தாண்டினா தடா, ஆந்திரா.

இதுல யார் யார் போறாங்கன்னு பாருங்க. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போற கன்டெய்னர். கும்மிடிப்பூண்டி ஆலைகளிலிருந்து கம்பி ஏத்தின டிரெய்லர். ஸ்ரீசிட்டிக்குப் போற கம்பெனி பஸ். பொன்னேரி பக்கத்து வைக்கோல் டிராக்டர். ஆடி மாசம்னா பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோட மினி லாரியில கிளம்பினவங்க. ஷேர் ஆட்டோ. ஷிஃப்டுக்குப் போற பைக். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்க்கிறவங்களோட சைக்கிள்.

இருபதுல போற டிராக்டரும் நூறுல போற காரும் ஒரே ரோட்ல ஓடுது. இங்கே மெதுவான வண்டி தவறி வந்த விருந்தாளி இல்ல, அதுக்கும் சேர்த்துத்தான் ரோடு. இவ்வளவு வேக வித்தியாசத்தைப் பிரிச்சு வைக்க நம்மகிட்ட இருக்கிறது தரையில போட்ட வெள்ளைக் கோடு மட்டும்தான்.

சட்டம் உங்க பக்கம்தான், ஆனா...

1989-ல் வந்த சாலை விதிகளுக்குப் பதிலா 2017-ல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தது. அடிப்படை மாறல. இடது பக்கமா ஓட்டணும். முந்துறதுன்னா வலது பக்கமா முந்தணும். ஒருத்தர் உங்களை முந்தும்போது வேகத்தைக் கூட்டி அவரைத் தடுக்கக் கூடாது.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். ரைட் லேன் என்பது "வேகமா போறவங்க லேன்" கிடையாது. அது முந்துறதுக்கான லேன். முந்தி முடிச்சதும் இடது பக்கம் வந்துடணும். அம்பதுல போற லாரிக்கு மட்டும் இல்ல, "நான் நூறுல போறேன், எனக்கு என்ன"ன்னு அங்கேயே உக்காந்திருக்கிற காருக்கும் இதே விதிதான். நம்மள மாதிரியே இடது பக்கம் வண்டி ஓட்டுற பிரிட்டன்ல, இடது லேன் காலியா இருந்தும் நடு லேன்லயே போறவங்களுக்கு 2013 ஆகஸ்ட்ல இருந்து போலீஸ் அந்த இடத்துலயே 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸ்ல 3 புள்ளியும் போடலாம்.

நாம இதை எங்கே கத்துக்கிட்டோம்? லைசென்ஸ் எடுக்கும்போது எட்டு போட்டோம், கையை நீட்டி சிக்னல் காட்டினோம், வந்துட்டோம். எண்பதுல போகும்போது லேன் மாறுறது எப்படின்னு நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு யாரும் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரல.

டீக்கடை அண்ணன் சொன்னது

கவரைப்பேட்டை பக்கம் ஒரு டீக்கடையில கன்டெய்னர் ஓட்டுற ஒரு அண்ணன்கிட்ட உங்க கேள்வியை நேராவே கேட்டேன். இருபது வருஷமா ஓட்டுறவர். "ஏண்ணே, லெஃப்ட்ல போகலாம்ல?"

சிரிச்சார். "தம்பி, லெஃப்ட்ல கொஞ்ச தூரம் போய்ப் பாரு. நிக்கிற வண்டி, ஆள் ஏத்துற ஆட்டோ, எதிர்ல வர்ற பைக்கு. நிமிஷத்துக்கு ஒரு பிரேக். லோடு வண்டியை நிறுத்தி மறுபடி வேகம் எடுக்க எவ்வளவு டீசல் குடிக்கும் தெரியுமா? சரி, டீசல் போகட்டும். குறுக்க ஒரு பைக்கு வந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது. அவன் வீட்டுக்குத்தான் ஆகும்."

இதைக் கேட்ட பிறகு லெஃப்ட் லேனை மட்டும் கவனிச்சுக்கிட்டே பஸ்ல வந்தேன். அவர் சொன்னது சரிதான். காகிதத்துல அது லேன். நிஜத்துல அது பார்க்கிங், பஸ் ஸ்டாப், டயர் மாத்துற இடம், எதிர்த்திசை பைக் பாதை, எல்லாம். ரைட் லேனை விட்டுக் கொடுங்கன்னு லாரிக்காரர்கிட்ட கேக்குறோம். போறதுக்கு அவருக்கு இன்னொரு லேன் இருக்கணும்ல?

உயிர் போறது இடது பக்கம்தான்

ரைட் லேன்ல மாட்டிக்கிட்டா நமக்கு எவ்வளவு நஷ்டம்? செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 30 கிலோமீட்டர். எண்பதுல போனா இருபத்திரண்டரை நிமிஷம், அறுபதுல போனா முப்பது நிமிஷம். ஏழரை நிமிஷ எரிச்சல்.

எரிச்சல் தாங்காம இடது பக்கமா வெட்டி முந்துறோம் பாருங்க, அங்கேதான் கணக்கு மாறுது. இரவு நேரம், எண்பதுல போறீங்க. நொடிக்கு 22 மீட்டர். லோ பீம்ல தெளிவா தெரியுற தூரம் ஒரு 50 மீட்டர்னு வெச்சுக்குவோம். முன்னாடி லைட்டும் இல்லாம, ரிஃப்ளெக்டரும் இல்லாம ஒரு டிரெய்லர் நிக்குது. அதைப் பார்த்து, புரிஞ்சு, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி. அதுலயே 33 மீட்டர் போச்சு. மீதி 17 மீட்டர். நல்ல பிரேக் இருக்கிற காருக்கே நிக்க 35 மீட்டர் வேணும். அதாவது நீங்க திறமையான டிரைவரா இல்லையாங்கிறது அங்கே பொருட்டே இல்ல. அந்த லாரி லைட் இல்லாம நின்னப்பவே விஷயம் முடிஞ்சிடுச்சு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையில, நாடு முழுக்க நடந்த விபத்துகள்ல ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதினதுதான். மோதல் வகைகள்லயே அதுதான் முதல் இடம். அந்த வருஷம் அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவங்க 17,884 பேர். நாடு முழுக்க சாலையில இறந்தவங்கள்ல பத்துல நாலு பேருக்கு மேல் டூ வீலர்ல போனவங்க.

எதிர்த்திசையில வர்ற பைக்கையும் பேசணும். பல ஆலைகள்ல ஷிஃப்ட் முடியுறது காலை ஆறு, மதியம் ரெண்டு, இரவு பத்து. ரூம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். முறையா போகணும்னா அடுத்த யூ-டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி வரணும். எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்தவர் "ஓரமாத்தானே போறேன்"னு எதிர்ல வந்துடறார். 2019 திருத்தத்துக்கு அப்புறம் இது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184-ல ஆபத்தான ஓட்டுதல். ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை அபராதமோ சிறையோ உண்டு. ஆனா அபராதம் மட்டும் இதைத் தீர்க்காது. சர்வீஸ் ரோடு தொடர்ச்சியா இருக்கணும், கேட் பக்கத்துல திரும்ப வழி இருக்கணும்.

லாரி மேலயும் தப்பு இருக்கு

டீக்கடை அண்ணனுக்காக நான் வக்காலத்து வாங்கல. மூணு லேன் இருக்கிற இடத்துல நடு லேன் காலியா இருந்தும் வலது ஓரத்துலயே போற லாரி நிறைய இருக்கு. அப்புறம் அந்த ஃபேமஸ் காட்சி: ரெண்டு லாரி பக்கத்துல பக்கத்துல, மொத்த ரோடும் பின்னாடி க்யூவுல.

இதையும் கணக்குப் போட்டேன். முன்னாடி டிரெய்லர் அறுபதுல போகுது. பின்னாடி வர்றவர் அறுபத்தஞ்சுல முந்துறார். ஒவ்வொண்ணும் 16 மீட்டர் நீளம், முன்னாடி பின்னாடி 15 மீட்டர் இடைவெளி. மொத்தம் 62 மீட்டர் முன்னேறணும். வேக வித்தியாசம் அஞ்சு கிலோமீட்டர்தான். அப்போ 45 நொடி ஆகும். அதுக்குள்ள 800 மீட்டர் ரோடு போயிடும்.

ஜெர்மனிக்காரங்க இதை "யானைப் பந்தயம்"னு கிண்டல் பண்ணுவாங்க. 2008-ல் ஹாம் நகரத்து மேல் நீதிமன்றம் இதுக்கு ஒரு அளவுகோல் சொன்னது: வேக வித்தியாசம் சுமார் பத்து கிலோமீட்டர் இருக்கணும், 45 நொடிக்குள்ள முந்தி முடிக்கணும்.

இப்போ சின்ன மாற்றம். முந்தப்படுற லாரிக்காரர் ஆக்சிலரேட்டர்ல இருந்து காலைக் கொஞ்சம் எடுத்து 55-க்கு வர்றார். 45 நொடி 22 நொடியா குறையும். அவர் இழக்கிறது ரெண்டு மூணு நொடி. பின்னாடி இருக்கிற இருபது வண்டிக்கு வழி திறந்துடுது. ரோட்டுல மரியாதைன்னா என்னன்னு என்கிட்ட கேட்டா, இந்த அஞ்சு கிலோமீட்டரைத்தான் சொல்லுவேன். கையைத் தூக்கி தேங்க்ஸ் சொல்றதெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஒரே சிக்னல், மூணு அர்த்தம்

முன்னாடி போற லாரி ரைட் இண்டிகேட்டர் போடுது. "நான் வலது பக்கம் வரப்போறேன்"னு அர்த்தமா? "எதிர்ல வண்டி, முந்தாதே"வா? "தாராளமா முந்திக்கோ"வா? மூணு அர்த்தத்துலயும் ஆள் இருக்காங்க. ஹெட்லைட் அடிச்சா? நமக்கு "நான் வர்றேன், நீ நில்லு". வேற சில நாடுகள்ல அதையே "நீ போ"ன்னு எடுத்துப்பாங்க.

நான் சாஃப்ட்வேர் ஆள். ரெண்டு சிஸ்டம் ஒரே மெசேஜுக்கு வேற வேற அர்த்தம் வெச்சிருந்தா ப்ரொடக்‌ஷன்ல என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ரோட்ல ரோல்பேக் கிடையாது. அதனால இண்டிகேட்டருக்கு ஒரே அர்த்தம்தான்: நான் அந்தப் பக்கம் போகப் போறேன். போட்டுட்டு மூணு நொடி கழிச்சுத் திரும்புங்க. திரும்பிக்கிட்டே போடுறது சிக்னல் இல்ல, செய்தி வாசிப்பு.

சரி, என்ன பண்ணலாம்?

கார் ஓட்டுறவங்க: முந்தி முடிச்சா இடது பக்கம் வாங்க. முன்னாடி லாரி வழி விடலன்னா ஒரு தடவை லைட் அடிங்க, பத்து நொடி காத்திருங்க. அவருக்கு இடது பக்கம் இடம் இருக்கான்னு நீங்களும் பாருங்க. அவரோட சைடு மிரர் உங்களுக்குத் தெரியலன்னா அவருக்கு நீங்க தெரிய மாட்டீங்க. அவ்வளவு ஒட்டிப் போகாதீங்க.

பைக்ல போறவங்க: டிரெய்லருக்கு இடது பக்கம், கேபினை ஒட்டி வராதீங்க. அந்த இடம் டிரைவர் கண்ணுக்கே படாது. பின்பக்க லைட் எரியுதான்னு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க.

மெதுவா ஓட்டுறவங்க, புதுசா கத்துக்கிறவங்க: மெதுவா போறது குற்றமே இல்ல. இடது லேன்ல, ஒரே வேகத்துல, நேரா போங்க. பின்னாடி ஹார்ன் அடிக்கிறாங்கன்னு பதறி வேகத்தைக் கூட்டாதீங்க.

வண்டி பழுதானா: ஹசார்ட் லைட், பின்னாடி நல்ல தூரத்துல முக்கோணப் பலகை. கல்லும் மரக்கிளையும் போதாது. மத்தவங்களுக்கு ஆபத்தா வண்டியை நிறுத்துறது பிரிவு 122-ன் கீழ் தப்பு.

கம்பெனிகள்ல வேலை பார்க்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க கம்பெனிக்கு லோடு கொண்டு வர்ற லாரி, கேட் திறக்கிற வரைக்கும் எங்கே நிக்குது? உள்ளே இடம் இல்லன்னா ரோட்லதான் நிக்கும். சேஃப்டி மீட்டிங்ல ஹெல்மெட், ஷூ பத்திப் பேசும்போது இந்தக் கேள்வியையும் கேளுங்க. லெஃப்ட் லேன் காலியாகுறதுல பாதி வேலை ரோட்ல இல்ல, கேட்டுக்கு உள்ளே இருக்கு.

எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியா மாமல்லபுரம் வரைக்கும் சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை திட்டம் போட்டிருக்காங்க. கன்டெய்னர் போக்குவரத்துல ஒரு பங்கு அங்கே மாறும். ஆனா புது ரோட்டோட இடது லேன்லயும் லாரி நிக்க ஆரம்பிச்சா, அங்கேயும் எல்லாரும் வலது பக்கம்தான் ஒதுங்குவாங்க. அடுத்த வருஷமும் இதே வாய்ஸ் நோட்டை நீங்க அனுப்புவீங்க.

இந்த வாரம் ஒரு வேலை தர்றேன். நீங்க ஓட்டாத ஒரு நாள், கம்பெனி பஸ்லயோ பின் சீட்லயோ இருக்கும்போது, உங்க ரூட்ல லெஃப்ட் லேனை அடைச்சு நிக்கிற வண்டிகளை எண்ணுங்க. எந்த இடம், எத்தனை வண்டின்னு அனுப்புங்க. வண்டி ஓட்டிக்கிட்டே அனுப்பாதீங்க. எல்லாத்தையும் ஒரு மேப்ல போட்டு அடுத்த எபிசோட்ல பேசுவோம். பத்திரமா போய்ச் சேருங்க மக்களே.