குடலும் மூளையும் ஒரே குழந்தைக்குத்தான்



குறைமாதக் குழந்தை என்றதும் நமக்கு நுரையீரல்தான் நினைவுக்கு வருகிறது. மூச்சு சீராகி, இனிப் பயமில்லை என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் குடலைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ் என்பார்கள். வயிறு உப்பும், குடித்த பால் பச்சையாகத் திரும்பும், மலத்தில் இரத்தம் தெரியும். சில மணி நேரத்திலேயே குடலின் ஒரு பகுதி அழுகி ஓட்டை விழக்கூடும். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறப்பவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது வருகிறது. வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இழக்கிறோம். கத்தி வைக்க வேண்டிய நிலை வந்தால் இழப்பு இன்னும் கூடுகிறது. இந்தப் போராட்டத்தை மருத்துவமனையின் நான்கு சுவர்களுக்குள் விட்டுவிட்டு ஊர் ஒதுங்கி நிற்கக் கூடாது என்பதே என் வாதம்.

முதல் சான்று பால். 1990இல் லூகாஸ், கோல் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இது: பவுடர் பால் மட்டுமே குடித்தவர்களுக்கு இந்த நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்தது. பெற்றவளுக்குப் பால் சுரக்கத் தாமதமானால் இன்னொரு தாயின் பால்தான் அடுத்த துணை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. நம் அரசு மருத்துவமனைகளிலும் இன்று வங்கிகள் இருக்கின்றன. யாரோ ஒருத்தியின் பாலால் நோய் தொற்றாதா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை நடக்கிறது, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குக் குழந்தைதான் விலை கொடுக்கும்.

இரண்டாவது சான்று, பிழைத்த பிறகு நடப்பது. கருவில் கடைசி மூன்று மாதங்களில் வேகமாக வளர வேண்டிய மூளை, இங்கே இன்குபேட்டருக்குள் வளர்கிறது. அந்த வாரங்களில் குடல் அழுகினால் உணவு நிற்கிறது, உடலெங்கும் அழற்சி பரவுகிறது, இரண்டும் மூளையைத் தொடுகின்றன. அறுவை சிகிச்சை கண்ட குழந்தைகளுக்கு நடையிலும் பேச்சிலும் கற்றலிலும் பின்னடைவு வரும் வாய்ப்பு கூடுதல். நிறையக் குடலை வெட்டி எடுத்திருந்தால் மாதக்கணக்கில் இரத்தக் குழாய் வழியேதான் ஊட்டம். இப்படிப்பட்ட பிள்ளையை இவ்வளவு செலவழித்து ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் மெல்லக் கேட்கிறார்கள். வாய்ப்பு வேறு, விதி வேறு ஐயா! அதே அறுவையைத் தாண்டி இயல்பாக வளரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யார் பின்தங்குவார் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும். முதல் ஆண்டிலேயே தொடங்கும் பயிற்சி, பள்ளி வயதுக்கு முன் அறிவு வளர்ச்சிக்கு உதவுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகத்தான் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் வகுக்கப்பட்டன.

ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய், தேறிவிட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாள் கூலியை இழந்து மையத்துக்கு வருவாளா? வராதது அவள் குற்றமன்று. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை எட்டு மாதத்தில் உட்காரவில்லை என்றால் அதை ஆறு மாதக் குழந்தையாகக் கணக்கிட வேண்டும் என்பதைக்கூட அவளுக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் வேண்டாத இடத்தில் பயமும், பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமும் வருகின்றன.

எனவே இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன். பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார்கள் வங்கிக்குக் கொடுங்கள். கொடுக்க வரும் மருமகளைத் தடுக்காதீர்கள். இங்குள்ள சங்கங்கள், தேறிய பிள்ளையை மையத்துக்குத் தூக்கி வரும் தாய்மார்களின் பேருந்துக் கட்டணத்தையும் ஒருநாள் கூலியையும் ஏற்றுக்கொள்ளுங்கள், குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை.