தாத்தாவின் மாகாணியும் தரையில் வைத்த சோழியும்

சுரண்டையில எங்க தாத்தா காய்கறி கமிஷன் கடை வச்சிருந்தார். கடைக்கு கால்குலேட்டர் வந்த பிறகும் அவர் அதைத் தொடவே இல்லை. ‘மாகாணி’ன்னு அடிக்கடி சொல்வார். பதினாறில் ஒரு பங்கு. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, சரியா 1/16 வரும். அந்தச் சொல்லே ஒரு கூட்டல் கணக்கு! இது எனக்குத் தெரிஞ்சது போன வருஷம்தான்.

ஆங்கிலத்துல ‘கம்ப்யூட்டர்’ங்கிற சொல் ரொம்ப காலம் மெஷினைக் குறிக்கலை, கணக்குப் போடுற ஆளைத்தான் குறிச்சது. அப்படி ஒரு ஆள் புதுச்சேரியில இருந்தார். பஞ்சாங்கம் கணிக்கிறவர். சென்னை வானாய்வகத்தைக் கொஞ்ச காலம் கவனிச்ச ஜான் வாரன், ‘காலசங்கலிதா’ன்னு ஒரு புத்தகம் எழுதினார். அதுல இவரைப் பத்தி வருது.

1825-ல மே 31, ஜூன் 1-க்கு இடையில வந்த சந்திர கிரகணத்தை இவர் கணிச்சுக் காட்டினார். எப்படி? தரையில சோழிகளை வச்சு, நகர்த்தி. பேப்பர் கிடையாது. அட்டவணை எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். எண்கள் சேர்ந்து ஒரு வாக்கியம். நிலாவுக்கு மட்டுமே 248 வாக்கியம். வீட்ல ‘வாக்கியப் பஞ்சாங்கம்’னு பாத்திருப்பீங்களே, பேர் அங்கிருந்து வந்ததுதான். கிரகணம் தொடங்கும் நேரத்துல 4 நிமிஷம் பிசகு. நடுவுல 23. முடிவுல 52, அது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனா வாரன் சொன்ன ஒண்ணு எனக்கு உறுத்துது: இதுக்குப் பின்னாடி இருக்கிற கோட்பாடு இவருக்கு ஒண்ணும் தெரியாதாம். சரி, இருக்கட்டும். என் போனுக்கு மட்டும் நிலான்னா என்னன்னு தெரியுமா? விதியை வரிசை மாறாம செய்யுது. நாம அதை ‘ஸ்மார்ட்’னு சொல்றோம். அதையே ஒரு மனுஷன் செஞ்சா ‘வெறும் மனப்பாடம்’. தாத்தாவையும் ஊர்ல படிக்காதவர்னுதான் சொன்னாங்க.

தமிழ்ல முதல்ல ‘கணிப்பொறி’ன்னு எழுதினோம், இப்போ ‘கணினி’. பொறிங்கிற சொல்லே போயிடுச்சு. எனக்கு ‘கணினி’ பிடிக்கும், அதுல ஒரு ஆளும் இருக்கலாம்னு தோணும். (இலக்கணம் தெரிஞ்சவங்க திட்டாதீங்க.)

தாத்தா மாகாணி வாய்ப்பாடு சொன்னதை நான் ரெக்கார்ட் பண்ணலை. போன் கையிலதான் இருந்தது. உங்க வீட்ல சொல்றவங்க யாராவது இருந்தா, இன்னைக்கே பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்புங்க.