குழாயில் நண்பன், குப்பையில் எமன்

நடுவர் அவர்களே! "குளோரின் இல்லேன்னா நல்ல குடிதண்ணி ஏது?"ன்னு எதிரணி நண்பர் கேட்டார். நியாயம்தாங்க! காலராவைத் தடுத்த புண்ணியம் அதுக்கு உண்டு. (கைதட்டல்)

ஆனா, அதே குளோரின்தான் பி.வி.சி. குழாயிலும் ஒயர் உறையிலும் இருக்கிறது. நம்ம மேட்டூர்லயே 1967-ல் பி.வி.சி. உற்பத்தி ஆரம்பிச்சாச்சு. குழாயாக இருக்கும்வரை சாது. குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால்? அஸ்தம்பட்டித் தெருவிலே நின்னு, "அப்பாடா, கொசு போச்சு"ங்கறோம். (சிரிப்பு) கொசு போச்சு, டயாக்சின் வந்துடுச்சே! அந்த நஞ்சு புல்லில் படியும், பசு தின்னும், பாலில் வரும், குழந்தையின் உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும்.

இதையெல்லாம் ஒழிக்கத்தான் 2001-ல் உலக நாடுகள் ஸ்டாக்ஹோமில் ஒப்பந்தம் போட்டன. ஒப்பந்தம் ஸ்டாக்ஹோமில இருக்கு. தீப்பெட்டி நம்ம கையில இருக்கு! (பலத்த கைதட்டல்)

குழாய் போடுங்க, வேண்டாங்கல. கொளுத்தாதீங்க!