பனிச்சறுக்குச் சப்பாத்தினுள்ளே

பனி பெய்யாத நாட்டில் வாழும் நமக்குப் பனிச்சறுக்கு அயலான விளையாட்டே. ஆயினும், 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் குடியேறியுள்ளனர். சுவிற்சர்லாந்திலே பாடசாலைகள் பல, மாரிகாலத்தில் மாணவரை மலைக்கு அழைத்துச் சென்று சறுக்கப் பழக்குகின்றன. பேர்த்தி மலைக்குப் போகின்றாள் என்ற செய்தி கேட்டால், ஊரிலிருக்கும் அம்மம்மா சொல்லும் முதற் புத்திமதி, "தடித்த மேசு இரண்டு சோடி போட்டுக்கொண்டு போ பிள்ளை" என்பதாகவே இருக்கும். அன்பினாற் பிறந்த அப்புத்திமதி காலுக்கு நன்மை செய்யுமா என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். காலுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. காலுக்கு வெப்பத்தைக் கொண்டுவருவது குருதி. அதனைச் சிதறாது காப்பது காலுறையிலும் சப்பாத்திலும் அடைபட்டு நிற்கும் காற்று. ஆகவே குருதியோட்டத்தைத் தடுப்பதும் காற்றின் இடத்தை ஈரத்தால் நிரப்புவதும் காலுக்குப் பகையாகும். நீரானது, அசையாத காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது.

இவ்வுண்மையை வடதுருவத்தை அண்டி வாழும் சாமி மக்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். அவர்கள் கோடையில் ஒருவகைக் கோரைப்புல்லை அரிந்து, உலர்த்தி, மென்மையாக்கி வைத்துக்கொள்வர். கலைமான் தோலாற் செய்த சப்பாத்தினுள்ளே, காலுறைக்குப் பதிலாக அப்புல்லை இட்டு நிரப்புவர். பகலில் வியர்வையை உறிஞ்சிய புல்லை இரவில் எடுத்து உலர்த்துவர். 1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி தென்துருவத்தை அடைந்த நோர்வே நாட்டு அமுண்ட்சன் குழுவினரும் இப்புல்லைப் பயன்படுத்தினர். அன்றியும், புறப்படுமுன் தம் சறுக்குச் சப்பாத்துகளைப் பிரித்துத் திருத்தி, உள்ளே இடம் பெருகுமாறு அமைத்துக்கொண்டனர். கால் உலர்ந்திருத்தல், நெருக்குண்ணாதிருத்தல் ஆகிய இரண்டையும் அவர்கள் உயிர்காக்கும் காரியமாகவே கருதினர்.

இக்காலச் சப்பாத்தோ வேறு வகையானது. 1960களில் தோற் சப்பாத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் சப்பாத்துப் பற்றத் தொடங்கியது. அதன் புறவோடு கடினமானது. அணிபவருக்காக விரிந்து கொடுக்காது. அதனுள்ளே மெத்தென்ற உட்சப்பாத்து ஒன்று உண்டு. குளிரைத் தடுப்பது பெரும்பாலும் அதன் வேலையே. இத்தகைய சப்பாத்தினுள் இரண்டு சோடித் தடித்த காலுறைகளைத் திணித்தால் நேர்வது யாது? கால் நசுங்குகின்றது, குருதியோட்டம் குறைகின்றது, விரல்கள் குளிர்கின்றன. ஓர் உறை மற்றோர் உறையின்மேல் உராய்ந்து மடிப்பு விழுகின்றது. மடிப்பு விழுந்த இடத்திற் கொப்புளம் எழுகின்றது.

ஆதலால் ஒரேயொரு சோடி மெல்லிய காலுறையே ஏற்றது. அது சப்பாத்தின் விளிம்புக்கு மேலே, முழங்காலின் கீழ்வரை உயர்ந்து, சுருக்கமின்றிப் படிந்திருத்தல் வேண்டும். உட்காற்சட்டையின் நுனியையும் சப்பாத்தினுள் நுழைத்தலாகாது. பருத்தி நமது வெயிலுக்கு உகந்தது. ஆனால் வியர்வையை உறிஞ்சி எளிதில் உலராதாதலால் பனிக்கு ஆகாது. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உட்கொண்ட பின்னரும் நனைந்ததாகத் தோன்றாது. உறுதிக்காகச் சிறிது நைலோன் கலந்து நெய்த கம்பளி உறை நெடுநாள் உழைக்கும்.

அணியும் முறையிலும் கவனம் தேவை. வீட்டிலிருந்து அணிந்துவந்த உறை, மலையை அடையுமுன்னரே வியர்த்திருக்கும். ஆகவே சப்பாத்தை மாட்டும் வேளையில் உலர்ந்த உறையை அணிதல் நன்று. இரவில் உட்சப்பாத்தையும் உலர்த்தவேண்டும். சப்பாத்து வாங்கும்போது, அணியப்போகும் உறையுடனேயே அளவு பார்க்கவேண்டும். தடித்த உறையால் நிரப்பலாம் என்றெண்ணிப் பெரிய சப்பாத்தை வாங்குவது தவறு; அதனுள் குதிக்கால் எழும்பும், சறுக்குபவர் தம் கட்டுப்பாட்டை இழப்பர்.

இவ்வளவும் செய்த பின்னரும் விரல் குளிர்ந்தால், சப்பாத்தின் கொளுவிகளைச் சற்றுத் தளர்த்தி, விரல்களை அசைக்கவேண்டும். தலையையும் மார்பையும் மூடிக்கொள்வதும் காலுக்கு உதவும். உடல் குளிருங்கால் கைகால்களுக்குச் செல்லும் குருதியே முதலிற் குறைகின்றது. வலி குறைந்து விரல் மரத்துப்போனால், குளிர் பழகிவிட்டது எனப் பிள்ளைகள் எண்ணிவிடுவர். உண்மையில் அதுவே அபாயக் குறி. உடனே கூரையுள்ள இடத்துக்குச் சென்று சப்பாத்தைக் கழற்றவேண்டும். மரத்த காலைத் தேய்த்தலும், நெருப்பருகே காட்டுதலும் கூடா. தோல் வெளிறிக் கடினமாயிருந்தால் வைத்தியரை நாடவேண்டும்.

எனவே, பேர்த்திக்குப் புத்திமதி கூறவிரும்பும் அம்மம்மா தம் சொல்லைச் சிறிது மாற்றிக்கொள்ளலாம்: "மெல்லிய கம்பளி மேசு ஒரு சோடி போடு பிள்ளை, காய்ந்த இன்னொரு சோடியைப் பைக்குள் வைத்துக்கொள்." அன்பு குறையாது, காலும் காக்கப்படும்.