ஆனி அசையாமல் இருந்த மதியம்



1863ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குப் பெரிய மரப்பெட்டிக் கேமரா ஒன்று வந்து சேர்ந்தது. மகளும் மருமகனும் அம்மாவுக்குத் தந்த பரிசு. தனிமையில் பொழுது போகட்டுமே என்று கொடுத்தார்கள். அந்த அம்மாள் கல்கத்தாவில் பிறந்தவர், பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். அப்போது வயது 48. கணவர் இலங்கையில் தம் காப்பித் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். கேமராவை எங்கே நிறுத்துவது, எப்படி ஃபோகஸ் செய்வது என்பதுகூட அந்த அம்மாளுக்குத் தெரியாது.

அந்தக் கேமராவில் ஃபிலிமுக்குப் பதில் ஏறத்தாழ 11 அங்குலத்துக்கு 9 அங்குலக் கண்ணாடித் தகடு. அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுத்த திரவத்தைச் சீராக ஓடவிட வேண்டும். இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம்பிடித்து, திரும்ப ஓடிவந்து டெவலப் செய்ய வேண்டும். காய்ந்தால் தகடு வீண். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால், மங்கல் கண்ணாடியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகத் தெரிவார்.

கேமரன் கரி போட்டுவைத்த அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கொட்டகை ஸ்டூடியோ ஆனது.

முதலில் வந்து உட்கார்ந்தவர் உள்ளூர் விவசாயி ஒருவர். மணிக்கு அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங் கூலி. பல மணி நேரமும் பல அரை கிரவுன்களும் கரைந்த பிறகு, ஒருவழியாக ஒரு படம் விழுந்தது. வெற்றிக் களிப்பில் கேமரன் தகட்டைக் காயவைக்கத் தூக்கிப் பிடித்தார். கை, படம் படிந்திருந்த பக்கத்தில் உராய்ந்துவிட்டது. இன்னும் காயாத மெல்லிய படலம். விவசாயியின் முகம் அப்படியே அழிந்துபோனது.

அடுத்து இரண்டு குழந்தைகளை உட்காரவைத்தார். படம் பதிய நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டிய காலம் அது. ஒரு குழந்தை களுக்கென்று சிரித்துவிட்டது. அந்தத் தகடும் போயிற்று.

பிறகுதான் ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியைத் தனியாக உட்காரவைத்தார். நீ அசைந்தால் என் மருந்தெல்லாம் வீணாகிவிடும், என் உழைப்பும் போய்விடும் என்று அவளிடம் எடுத்துச் சொன்னார். குழந்தைக்குப் புரிந்தது. 1864 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி. அன்று இரவு எட்டு மணிக்குள் படத்தைத் தாளில் பதித்து, நிறமேற்றி, சட்டமும் போட்டு ஆனியின் தகப்பனாருக்குக் கொடுத்தாயிற்று. எல்லாம் கேமரன் ஒருவர் கையாலேயே. முட்டை வெண்கரு பூசிய தாளில் வெயிலைக் கொண்டு பிரதி எடுத்த காலம் அது. ஜனவரியிலோ இங்கிலாந்தில் சீக்கிரமே இருட்டிவிடும். அந்த ஏழு மணி நேரத்தின் பரபரப்பை அதை வைத்து எண்ணிப் பார்க்கலாம். அந்தப் படத்துக்கு அவர் இட்ட பெயர், 'என் முதல் வெற்றி'. மகிழ்ச்சி தாளாமல், குழந்தைக்குப் பரிசு தேடி வீடு முழுக்க ஓடினாராம்.

படம் கூர்மையாக இல்லை என்று புகைப்படக்காரர்கள் பின்னாளில் அவரைக் குறை சொன்னார்கள். அழகாகத் தெரிகிற இடத்திலேயே லென்ஸைத் திருப்புவதை நிறுத்திவிடுவேன் என்பது அவர் கட்சி. அது சரியான கட்சிதான். மங்கல் கண்ணாடியின் முன் நின்று தானே முடிவெடுத்தவரின் துணிவு அது.

இன்று பெரிய கேமராவில், நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிமோடு தொடங்குகிறவருக்கும் அதே கறுப்புத் துணி, அதே தலைகீழ் உருவம். ஃபிலிமை ஏற்றும்போது கும்மிருட்டில் அதன் ஓரத்திலுள்ள சிறு வெட்டுகளை விரலால் தடவி, அவை வலப்பக்க மேல்மூலையில் இருந்தால் மருந்துப்பக்கம் நம்மை நோக்கியிருக்கிறது என்று அறிய வேண்டும். ஷட்டரை மூட மறந்து, ஃபிலிமை மறைத்திருக்கும் தகட்டை உருவினால் அந்த ஃபிலிம் பாழ்.

1875இல் கேமரன் குடும்பம் இலங்கையில் குடியேறியது. களுத்துறையில் ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படமெடுத்தார். 1879இல் மலையகத்தில் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இலங்கைப் படங்களில் சிலவே எஞ்சியிருக்கின்றன. ஆனியின் பெயரும் நாளும் நேரமும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. களுத்துறையில் அதே கேமராக்காரர் முன் மூச்சடக்கி அசையாமல் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.