பின்னிருக்கையில் யார்?

பண்டார் பாரு பெற்றோர்களே, பிள்ளை மாதிரி விமானம் ஒட்டினால் "விளையாட்டு" என்று ஏசுகிறோம். அதில் உள்ள படிப்பைப் பாருங்கள்.

மலேசிய விமானப் படைக்கு 1983-இல் வந்தது பிலாத்துஸ் பிசி-7 பயிற்சி விமானம். இறக்கை அகலம் 10.4 மீட்டர். அதை 32-இல் ஒரு பங்காகச் செய்தால் 32.5 சென்டிமீட்டர். இது கணிதம். மூக்கினுள் எடை வைக்காவிட்டால் மாதிரி வால் குத்தி உட்காரும். இது அறிவியல்.

முன்னிருக்கை மாணவருக்கு, பின்னிருக்கை பயிற்றுநருக்கு. பெட்டியில் இல்லாத இருக்கைப் பட்டைகளை அலுமினியத் தாளில் வெட்டி ஒட்டும் பிள்ளை, "இயக்குகோல் ஏன் இரண்டு?" என்று கேட்கும். மாணவர் தடுமாறினால் பயிற்றுநர் விமானத்தைக் காப்பதற்கு!

சன்னலைத் திறந்து வையுங்கள். கத்தி எடுக்கும்போது அருகில் இருங்கள். விமானத்தைப் பிள்ளையே ஓட்டட்டும். பின்னிருக்கை உங்களுடையது.