சபையின் ரோடு எங்கே முடியும்?



உள்ளூராட்சியைப் பற்றிக் கதைக்கப் போறன் எண்டதும் ரெண்டு பேர் போனை எடுத்திட்டீங்கள். பரவாயில்லை. குப்பை, தெருவிளக்கு, ரோடு, இதுதான் பிரதேச சபையின் வேலை. அந்த வேலை மஸ்கெலியாவில் எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான் சொல்ல வந்தனான்.

மஸ்கெலியா நுவரெலியா மாவட்டத்தில், சிவனொளிபாதமலைக்குக் கிட்ட இருக்கிற சின்ன மலையூர். பழைய ஊர் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. தண்ணி வற்றினால் பழைய கோயில் தெரியும், உடனே கமராக்கள் ஓடி வரும். சுற்றிவர மலைகளில் வருசம் முழுக்கத் தெரிகிற லயன்களுக்கு அந்த வரவேற்பு இல்லை.

2018 உள்ளூராட்சித் தேர்தல் வரை இதற்குத் தனிச் சபை கிடையாது. மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் அம்பகமுவ என்ற ஒரே பிரதேச சபைக்குள் இருந்தன. அதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், 33ஆவது பிரிவு. சபையின் பணம் கிராமங்களுக்கு. தோட்டமோ, தலைமுறை தலைமுறையாகச் சனம் பிறந்து வளர்ந்து செத்த இடமாக இருந்தும், அந்தக் கணக்கில் கிராமம் இல்லை. தோட்ட ரோட்டில் குழி விழுந்தால் சபை உறுப்பினர் வந்து பார்க்கலாம், கவலைப்படலாம், கல்லுப் போட ஏலாது. துரையிடம் கேளுங்கள் என்பார். துரை சபையிடம் கேட்கச் சொல்லுவார்.

1948இல் பறித்த குடியுரிமைப் பிரச்சினையை முடித்துவைக்கிற சட்டம் 2003இல்தான் வந்தது. 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். இடையில் 15 வருசம். வாக்குப் போடலாம், ஆனால் அந்த வாக்கில் வந்த சபை தங்கட வாசலுக்கு வர முடியாது!

திருத்தம் வெற்றிதான், மறுக்கேல்லை. ஆனால் காணி அப்படியே கிடக்கு. காணி அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். 7 பேர்ச்சில் தனி வீடு கிடைத்த குடும்பங்களிலும் உறுதி கைக்கு வராத ஆட்கள் நிறைய. லயனில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. வீட்டில் ஒருவரும் தோட்ட வேலைக்குப் போகாவிட்டால், அந்தக் காம்பராவில் இருக்கலாமா என்பதே கேள்வியாகிவிடும். சபை நாளைக்கே வாசல்வரை கொங்கிரீட் போட்டாலும் வாசல் அவர்களுடையது இல்லை.

என்ர அம்மா அப்பா வடக்கு. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எங்கட குசினியில்தான், சிங்களப் பேரினவாதியின் வாயால் இல்லை. ஆரும் அதிரவில்லை, நானும் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன்.

அதனால் ஒரு வேலை. எங்கட அறிக்கை வரைவில் மலையகம் மூன்றாம் பக்கத்தில், 'ஏனைய சமூகங்கள்' என்ற தலைப்புக்குக் கீழ் இருக்கு. காணி உறுதிக் கோரிக்கையை முதல் பக்கத்துக்குக் கொண்டு வரவேணும். பந்தியை நான் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தாறன், மலையகத் தோழர்கள் திருத்தட்டும்.